ஓட்டக்காரனின் மூக்கு

ரயில் நிலையத்துக்குச் சிலை செய்யும் வாய்ப்பு யாருக்கு என்பது அன்று தெரிந்துவிடும். சிற்பி களிமண்ணில் ஓட்டக்காரன் ஒருவனைச் செய்து நிறுத்தியிருந்தார். உள்ளே வைத்த கம்பி மெலிசு. அவன் தினமும் ஒரு விரலளவு முன்னால் சாய்ந்துகொண்டிருந்தான். மூக்கு வந்து நிற்கும் இடத்தை மனைவி சுவரில் சாக்பீஸால் குறித்துவந்தாள்.

“ஏங்க, உங்க ஆளு நெசமாவே ஓடுறான்.”

“வெள்ளிக்கிழமைதான் விழுவான். கமிட்டி இன்னிக்கே வருது,” என்றார் சிற்பி, மீசையைத் தடவியபடி.

கமிட்டித் தலைவர் வந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சிலையைப் பார்த்தார். “அசையாத மண்ணுல காலத்தையே ஓடவிட்டிருக்கீங்க! சுவத்துல என்ன கோடு?”

“கடந்துபோன காலம்,” என்றார் சிற்பி கூசாமல்.

தலைவர் உருகினார். பேனாவைத் திறந்தவர் பேச்சை மூடவில்லை.

மனைவி குறுக்கிட்டாள்: “கையெழுத்தைப் போட்டுட்டுப் பேசுங்கய்யா. நீங்க முடிக்கிறவரைக்கும் அவன் நிக்கமாட்டான்.”