லாகோஸிலிருந்து கானோவுக்கு ஒன்றரை மணி நேரம்

லாகோஸிலிருந்து கானோ எண்ணூற்று முப்பது கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். இன்று விடிகாலையில் என் மனைவி ரக்கியா கானோவில், தாய்வீட்டில், பிரசவத்தில் இறந்துபோனாள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று மாமனார் தொலைபேசியில் சொன்னார்.

"நீங்க வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கட்டுமா, மாப்ள?"

எங்கள் ஊர் வழக்கத்தில் மருமகன் மாமனாரிடம் மனைவிமேல் ஆசை காட்டிப் பேசுவது வெட்கக்கேடு. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல நா எழவில்லை. எப்படியும் பன்னிரண்டரைக்கு இறங்கிவிடுவேன் என்று கணக்குப் போட்டேன்.

"எனக்காகக் காத்திருக்க வேணாம், மாமா," என்றேன்.

பன்னிரண்டரைக்குக் கானோவின் மேல் இருந்தோம். கீழே ஹர்மத்தான் காற்றின் புழுதி ஓடுபாதையை மூடியிருந்தது. விமானம் வட்டமடித்தது.

"பைலட்டு என்னப்பா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தெருவச் சுத்துறான்?" என்றாள் பக்கத்து இருக்கையிலிருந்த துணி வியாபாரி ஹாஜியா லாடி. "ஒரு கயிறு விட்டா என் வீட்டு மாடியிலயே எறங்கிடுவேன். உனக்கு என்ன அவசரம், வாட்ச்சையே பாக்குற?"

"அடக்கம், ஹாஜியா. என் வீட்டுக்காரி."

அவள் பணிப்பெண்ணை அழைத்துக் கத்தினாள். "இந்தப் பிள்ளைய எப்படியாவது எறக்கி விடுங்கடி!"

ஒன்றேகாலுக்கு, கானோவில் இறங்க முடியாது, அபுஜாவுக்குப் போகிறோம் என்று விமானி அறிவித்தார். நடுவானில் கையிலிருந்த தொலைபேசிக்கு சிக்னல் இல்லை. மாமனார் என் சொல்லை மதிப்பவர். காத்திருக்க மாட்டார்.