உப்பு மாவில் ஒரு கை

என் பொண்ணுக்கு ஏழு வயசு. வாயைத் திறந்தா வாதம்தான், அதனால வீட்டுல அவளுக்குப் பேரு வக்கீலம்மா. லீவு விட்ட அன்னிக்கு ஸ்கூல்ல ஒரு தாள் குடுத்து அனுப்பியிருந்தாங்க. பிள்ளைங்க வீட்டிலேயே செய்யக்கூடிய கலை வேலைகள், மொத்தம் பத்து. காகிதத் தட்டுல முகமூடி, பழைய சாக்ஸ்ல பொம்மை, இலையில சாயம் தடவி அச்சு, இப்படி. மத்த ஒன்பதையும் விட்டுட்டு நாலாவதுல விரலை வெச்சா. உப்பு மாவுல கைத்தடம்.

"இதுதான் செய்யணும். ஆனா என் கை வேணாம். அம்மா கை."

"ஏன், உன் கைக்கு என்ன குறைச்சல்?"

"அம்மா போனப்புறம் தினமும் காலைல அதுக்குள்ள என் கையை வெச்சுப்பேன்."

ஏதோ பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா. 

என் பொண்டாட்டி நர்ஸ். கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷத்துக்கு வேலை கிடைச்சிருந்துச்சு. அவளுக்குச் சந்தோஷம். எனக்கு இல்ல. போகாதேன்னும் சொல்லல, போயிட்டு வான்னும் சொல்லல. ரெண்டு மாசமா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். கோவம் வந்தா நான் கத்த மாட்டேன், பேச்சைக் குறைச்சுடுவேன். அதுக்கு நீங்க கத்தியே தொலைக்கலாம்னு அவ எத்தனையோ தடவை சொல்லிட்டா.

நான் பேக்கரியில மாவு பிசையறவன். பதினெட்டு வருஷமா அதே வேலை. அதனால மாவு விஷயம் என் பொறுப்புன்னு ஆயிடுச்சு. வக்கீலம்மா தாளோட பக்கத்துல வந்து நின்னு படிக்க ஆரம்பிச்சா.

"ரெண்டு கப் சாதா மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு கப் தண்ணி..."

"ஏய், மாவைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?"

"'சாதா'ங்கறதுக்கு அடியில கோடு போட்டிருக்குப்பா."

"அப்பா பாத்துக்கறேன், போ."

பாத்துக்கிட்ட லட்சணத்தைக் கேளுங்க. எங்க பேக்கரியில மாவுக்கு ரெண்டு பீப்பாய் இருக்கு. வெள்ளை மூடி ரொட்டிக்கு, வெறும் மைதா. நீல மூடி கேக்குக்கு. அதுல மாவு நல்லா சலிச்சு, பவுடர் மாதிரி இருக்கும். கேக்கு உப்பறதுக்கான பேக்கிங் பவுடரையும் அதிலேயே கலந்து வெச்சிருப்போம். வெச்சிருப்போம் என்ன, நானே கலக்கறதுதான். என் பொண்டாட்டி கிளம்பற அன்னிக்குக் காலைல, அவ கை பதியப்போற மாவாச்சே, நல்லதா இருக்கட்டும்னு நீல மூடியைத் திறந்து அள்ளிட்டு வந்தேன். கை அள்ளுச்சு, புத்தி அவளோட பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருந்துச்சு.

வீட்டுல உப்பும் தண்ணியும் சேத்துப் பிசைஞ்சு, வட்டமாத் தட்டி, ஒரு தகர டிரேயில வெச்சேன். துணி மடிச்சுக்கிட்டிருந்தவளைக் கூப்பிட்டோம். வந்து மண்டி போட்டு உக்காந்து உள்ளங்கையை வெச்சு அழுத்தினா.

"என்னங்க, மாவு இவ்வளவு மெத்துன்னு இருக்கு?"

"அதெல்லாம் கைப்பக்குவம்."

எனக்கு வந்த பெருமையைப் பாக்கணுமே. ரெண்டு மாசத்துல அவகிட்ட நான் சிரிச்சுப் பேசினது அந்த ஒரு வார்த்தைதான்.

வெந்த கைத்தடத்தை அம்மா கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துடணும்னு வக்கீலம்மா உத்தரவு. நாலு மணிக்கு மெயின் ரோட்டுலேருந்து ஏர்போர்ட்டுக்கு வேன். பேக்கரி ரெண்டு தெரு தள்ளி. மத்தியானம் அடுப்பு சும்மாதான் இருக்கும். டிரேயைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் போனோம். மெல்லிய சூட்டுல மூணு மணி நேரம்னு தாள்ல இருந்துச்சு. மூணு மணி நேரமா? அடுப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க எழுதினதுன்னு சொல்லிட்டு, சூட்டை ஒரே தூக்காத் தூக்கினேன்.

வக்கீலம்மா ஒரு பெட்டியைக் கவுத்துப் போட்டு மேல ஏறி நின்னு, கண்ணாடி வழியா உள்ளே பாத்துக்கிட்டிருந்தா. பத்து நிமிஷம் ஆயிருக்கும்.

"அப்பா, அம்மா கை வீங்குது."

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த நொடியே நீல மூடி கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. ஓடிப் போய்க் கதவைத் திறந்து வெளியில இழுத்தா, விரலும் இல்ல, ரேகையும் இல்ல. நடுவுல வெடிச்சு, நாலா பக்கமும் உப்பிப் பெருசா ஒரு பன்னு. மேல பொன்னிறமா வேற. அந்தப் பக்கமாப் போன முதலாளி எட்டிப் பாத்து, "அடேங்கப்பா, சூப்பரா எழும்பியிருக்கே!"ன்னு பாராட்டிட்டுப் போனாரு.

என் பொண்ணு அழல. அழுதிருந்தா சமாளிச்சிருப்பேன். அவ பெட்டியிலேருந்து இறங்கி, தாளை நாலா மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டா. அப்புறம் என்னை நிமிந்து பாத்தா.

"வேணும்னே பண்ணினியா?"

"என்னடா இப்படிக் கேக்கற?"

"உனக்குத்தான் அம்மா மேல கோவமாச்சே."

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. யாருக்கும் தெரியாம வெச்சிருக்கேன்னு நான் நெனச்சிருந்த கோவம், ஏழு வயசுப் பிள்ளை வரைக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு என் மேலேயே அவ்வளவு ஆத்திரம் வந்துச்சு. இல்லடா, வேணும்னு பண்ணல, சத்தியமா இல்லன்னு சொன்னேன். நம்பினாளா இல்லையான்னு தெரியல. அவ எதிர்வாதம் பண்ணாம நின்னது அன்னிக்குத்தான் முதல் தடவை.

சுவத்துக் கடிகாரத்துல மூணரை. "அந்தத் தாளை எடு. படி. ஒண்ணுவிடாமப் படி"ன்னேன்.

"ரெண்டு கப் சாதா மைதா."

வெள்ளை மூடி. ரெண்டு தடவை தொட்டுப் பாத்துட்டுத்தான் அள்ளினேன்.

"ஒரு கப் தூள் உப்பு. ஒரு கப் தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா."

என் வாழ்க்கையில அவ்வளவு அடக்கமா நான் மாவு பிசைஞ்சது கிடையாது. வட்டமாத் தட்டி, டிரேயில வெச்சு, ஈரத்துணி போட்டு மூடிக்கிட்டு, ஏப்ரனைக் கூடக் கழட்டாம, அரக்கப் பரக்க ஓடினோம். மெயின் ரோட்டுல சிக்னலுக்கு நிக்கறப்போ, அவ என் சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டு "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்ப்பா"ன்னுக்கிட்டே இருந்தா.

வேன் இஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு. என் பொண்டாட்டி ஜன்னலோரமா உக்காந்து, எங்களைக் காணோமேன்னு தெருவையே பாத்துக்கிட்டிருந்தா. நான் வரவே மாட்டேன்னுதான் முடிவு பண்ணியிருந்தாளாம், அப்புறம் ஃபோன்ல சொன்னா. மாவு படிஞ்ச மூஞ்சியோட நான் ஓடி வர்றதைப் பாத்து எழுந்தே நின்னுட்டா.

"அம்மா, கையை வெளியில நீட்டு! முதல்ல செஞ்சது வீங்கிப் போச்சு!"

டிரைவர் திரும்பிப் பாத்தாரு. "என்னம்மா அது, கிளம்பற நேரத்துல?"

"ஒரு நிமிஷம்ண்ணே, கோச்சுக்காதீங்க"ன்னு நான்தான் கெஞ்சினேன்.

டிரேயை ஜன்னலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சேன். அவ ஜன்னல் வழியாக் கையை நீட்டி மாவுல வெச்சா.

"இன்னும் அழுத்தும்மா. இன்னும்."

அவ அழுத்தினா. அடியில ரெண்டு உள்ளங்கையாலயும் நான் தாங்கிக்கிட்டிருந்தேன். அவ கையோட பாரம் மாவு வழியா, தகரம் வழியா என் கைக்கு வந்துச்சு. ரெண்டு மாசமா அந்தக் கையை நான் தொடவே இல்லைங்கறது அப்பத்தான் உறைச்சுது. அவ்வளவு நாளா உள்ளேயே கிடந்த வார்த்தை தானா வந்துச்சு.

"நல்லபடியாப் போயிட்டு வா."

அவளுக்குக் கண்ணு ரொம்பிடுச்சு. மாவு ஒட்டின கையாலேயே துடைச்சுக்கிட்டா. உப்பு எரிஞ்சிருக்கும். வேன் கிளம்பிடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் மெல்லிய சூட்டுல, தாள்ல சொன்னபடி மூணு மணி நேரம், அடுப்புக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். உப்பல, வெடிக்கல. அஞ்சு விரல், மோதிரம் அழுந்தின கோடு, எல்லாம் அப்படியே இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து வக்கீலம்மா கட்டில் பக்கத்து ஸ்டூல்ல வெச்சோம்.

மறுநாள் காலைல எழுந்ததும் அதுக்குள்ள கையை வெச்சா. உடனே எடுத்துட்டா.

"ஜில்லுன்னு இருக்குப்பா. அம்மா கை இப்படி இருக்காது."

அதுக்கு அந்தத் தாள்ல ஒண்ணும் போடல. நான் ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். விடியக்காலைல நான் வேலைக்குப் போறப்போ கீழ்வீட்டுத் தையல்கார அக்கா வந்து பொண்ணு கூடப் படுத்துப்பாங்க. முதல் ஈடு ரொட்டி இறங்கினதும், ஏழு மணிக்கு ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போக முதலாளிகிட்டக் கேட்டுக்கிட்டேன். சூடு ஆறாத ரொட்டி ஒண்ணை எடுத்துக்கிட்டு வருவேன். ஆவி பட்டா உப்பு மாவு இளகிடும், அதனால கைத்தடத்து மேல கெட்டித் துணியை நாலா மடிச்சுப் போட்டு, அதுமேல ரொட்டியைக் கவுத்து வைப்பேன். கால் மணி நேரம். அப்புறம் அதை எடுத்துட்டு அவளை எழுப்புவேன். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி உள்ளே வெச்சுப்பா. ஒரு நிமிஷம் அப்படியே கிடப்பா. "ம்"னுட்டு எழுந்து பல் விளக்கப் போயிடுவா.

மூணு வாரம் இப்படிப் போச்சு. போன வாரம் ஒரு நாள், ரொட்டியை எடுத்துட்டு, அவ தூங்கறான்னு நெனச்சு என் கையை வெச்சுப் பாத்தேன். எங்கே போகும்? என் கை அடுப்புக்காரன் கை, தடிச்சுப் போய், விரல் ஒண்ணும் உள்ளே இறங்கல.

"உனக்கு அது பத்தாதுப்பா."

கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்கா, கள்ளி. நான் சட்டுனு கையை எடுத்துட்டேன்.

அப்புறம் பெரிய மனசு பண்ணி, போர்வைக்குள்ளேருந்து கையை நீட்டி அதை என் பக்கமாத் தள்ளினா.

"சரி, விரல் நுனியை மட்டும் வெச்சுக்கோ. சூடு ஆறறதுக்குள்ள குடுத்துடணும்."