இடக்கைக் கித்தார்

சிவப்பு உடலில் நான்கு வெள்ளைக் குமிழ்கள், தூசி துடைக்கத் துடைக்க நேற்று வாங்கியதுபோல் மின்னுகிறது அந்த ஜப்பான் எலெக்ட்ரிக் கித்தார், நாற்பத்தாறு வருடமாக என் பீரோவின்மேல் சாக்குக்குள் கிடந்தது, பேத்தி கலியாணத்துக்கு வெள்ளையடிக்க இறக்கியபோது என் மகள் பிலோமி படம்பிடித்துப் போனில் விற்பனைக்குப் போட்டுவிட்டாள், இப்பம் கிடைக்காத மாடலாம்ப்பா, நாலு ஊர்க்காரன் கேக்கான் என்றாள், மாப்பிள்ளை வீட்டார் வருமுன் ஒழிந்தால் சரி என்றேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் என் தம்பி இஞ்ஞாசி முற்றத்தில் வந்து நிற்கிறான், இருபத்திரண்டு வயது, துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை, கப்பல் பெட்டியை உடைத்து இந்தக் கித்தாரை எடுத்தான் என்று தூத்துக்குடி முழுக்கப் பேச்சு, எவன் கொடுத்தாம்ல என்கிறேன், சொல்ல மாட்டேண்ணே, ஆனா களவு இல்ல என்கிறான், சொல்லாட்டா இந்த வாசப்படியை மிதிக்காத என்றேன், மிதிக்கவில்லை, கித்தாரை விட்டுவிட்டுப் பம்பாய் போனான், அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவன்கூடக் கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிட்டான், எங்கள் வீட்டுக் கலியாணப் பத்திரிகை எதிலும் அவன் பெயரை நான் போட விட்டதில்லை, இன்று அச்சேறப்போகும் பேத்தியின் பத்திரிகையிலும் இல்லை, களவாணியின் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் வரலாமா.

விளம்பரம் பார்த்து வந்த அம்மாள், ரெஜினாள் என்று பெயர் சொன்னாள், நரைத்த தலை, கொச்சியில் வாழ்க்கைப்பட்டவளாம், கித்தாரை மடியில் வாங்கி மறுபக்கமாகத் திருப்பி இடக்கையால் ஒருமுறை வருடினாள், அதன் தந்திகள் தலைகீழாக இருப்பதைக் கண்டு, களவாடத் தெரிந்தவனுக்கு மாட்டத் தெரியவில்லை என்று நான் எத்தனை பேரிடம் சிரித்திருக்கிறேன், இடக்கைக்காரருக்காக மாட்டியவை என்று இப்போதுதான் தெரிகிறது, அவன் வாசிக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட நான் அவன் எந்தக் கையால் வாசித்தான் என்று கண்டேனா, இது என் கித்தார் அண்ணாச்சி என்றாள் அவள், எங்கப்பா கப்பல்ல இஞ்சினியர், ஜப்பான்ல இருந்து கொண்டுவந்தது, எனக்குக் கலியாணம் பேசினதும் எங்கம்மா அடிச்சு உடைக்கப் பாத்தா, ஒளிச்சு வைங்கன்னு கோயில் பாட்டுக்குழுவுல இருந்த உங்க தம்பிகிட்ட நாந்தான் குடுத்தேன், என் பேரை யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கினேன், அவுக களவுப்பேர் சுமந்துட்டுப் போனது போன வாரம் உங்க மக சொல்லித்தான் தெரியும். அப்ப நீங்க ரெண்டு பேரும், என்று நான் இழுத்தேன், ஒண்ணும் கிடையாது, உங்க தம்பி சுருதி சேராம பாடுவாக, அதை எவ கட்டுவா என்று சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை.

நெஞ்சில் இத்தனை வருடம் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ எழுந்து போகிறது, எங்கள் வீட்டில் திருடன் பிறக்கவில்லை, ஒரு பெண்ணின் பெயரைக் காக்கத் தன் பெயரைக் கொடுத்தவன் பிறந்திருக்கிறான், நிமிர்ந்து உட்கார்ந்தேன், எடுத்துட்டுப் போங்கம்மா, அடுத்தவங்க பொருள் எங்க வீட்டுல தங்காது என்றேன், நாப்பத்தாறு வருசம் தங்கியிருக்கே என்றாள், அச்சகத்துக்குப் போன் போட்டேன், பேர் ஒண்ணு விட்டுப்போச்சு வே, கடைசியில சேத்துரவா ஐயா, கடைசியிலயா, என் பேருக்கு அடுத்தாப்புல போடும், இஞ்ஞாசி, பம்பாய். போனை வைத்ததும் பிலோமி கண்ணைத் துடைத்தபடி கேட்கிறாள், சித்தப்பாக்குக் கூரியர்ல அனுப்பிரவாப்பா, சொந்தத் தம்பிக்குக் கூரியர்லயா பத்திரிகை வைப்பாங்க, பம்பாய்க்கு எனக்கு ஒரு டிக்கெட் போடுட்டி என்கிறேன்.