பாதியில் எழுந்து போனவர்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாகக் கதிர்வேல் பாதியில் எழுந்து போனான்.

மகள் யுவஸ்ரீ பத்து மணிக்கு ஓவிய வகுப்புக்குப் போய்விட்டால் பன்னிரண்டு வரைக்கும் வீட்டில் வேறு யாரும் கிடையாது. கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. மைதிலியின் உடம்பு இளகி, மூச்சு மாறி, இன்னும் கொஞ்ச நேரம் போதும் என்று இருந்த சமயத்தில் அவன் சட்டென்று விலகினான். லுங்கியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். மோட்டார் சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது. தொட்டி காலையிலேயே நிரம்பிவிட்டது. மேலேயிருந்து தண்ணீர் வழிந்து சன்ஷேடில் கொட்டத் தொடங்கியது.

ஐந்து நிமிடம் கழித்து வந்தான். ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்தில் தொடங்கினான். மறுபடியும் எழுந்தான். இந்த முறை சமையலறையில் டம்ளர் உருண்டது. மூன்றாவது முறை வந்தபோது மைதிலி மதியத்துக்கு என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவன் முடித்தான், கையை நீட்டிச் செல்போனை எடுத்துப் பார்த்தான், திருப்தியாகத் தலையாட்டினான், தூங்கிப்போனான்.

அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கதிர்வேல் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடக் கிளம்புகிற வண்டிகளோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் எட்டு மாதம் வீடு திரும்ப முடியாது. அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊருக்கு வருவான். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் நான்கு வருடம் தேறாது. அந்தக் கொஞ்ச நாளிலும் இப்படி எழுந்து எழுந்து போனால் ஒரு மனுஷி என்னதான் நினைப்பாள்?

முதலில் வேறு பொம்பளை என்று நினைத்தாள். அப்புறம் நோயோ என்று நினைத்தாள். அவள் ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் ஆண்களின் விந்து மாதிரிகள் தினமும் நாலைந்தாவது அவள் மேஜைக்கு வரும். கூச்சப்பட்டு நிற்கிறவர்களிடம், "கடைசியா விந்து வெளியேறி எத்தனை நாள் ஆச்சுங்க?" என்று முகம் மாறாமல் கேட்பாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் புருஷனிடம், "ஏன் எந்திரிச்சுப் போறீங்க?" என்று கேட்க மூன்று வாரம் ஆனது. கேட்டபோதும், "ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்று சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மழைக்கோட்டைத் தேடி ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தவளுக்கு அந்தத் தாள் கிடைத்தது. சேலத்தில் டாக்டர் ஹபீப் என்பவருடைய கிளினிக்கில் கொடுத்தது. 'தொடங்கி நிறுத்தும் பயிற்சி' என்று தலைப்பு. உச்சம் நெருங்கும்போது நிறுத்தவும், உணர்ச்சி தணிந்ததும் மீண்டும் தொடங்கவும், மூன்று முறை இப்படிச் செய்த பின் முடிக்கவும். கீழே பேனாவால் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது: 'மனைவியை அழைத்து வரவும்.' அதே வரி மூன்று தேதிகளில் மூன்று தடவை எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது தடவை கோடு தாளையே கிழித்திருந்தது.

ஸ்கூட்டரை எடுக்காமல் தாளோடு உள்ளே வந்தாள். கதிர்வேல் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இது என்னங்க?"

அவன் முகம் சிவந்தது. "டிக்கிய எதுக்குத் தொறந்த?"

"மழைக்கோட்டு எடுக்க. சொல்லுங்க."

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. அவனுக்குச் சீக்கிரம் முடிந்துவிடுகிறதாம். கல்யாணமான நாளிலிருந்தே அந்த வெசனம் இருந்ததாம். கேம்பில் மதன் என்கிற கூட்டாளி இதைப் பற்றி ஏதோ கேலி பேசினானாம். ஊருக்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் டாக்டரைப் பார்த்தானாம்.

"மொத வாரம் நாலு நிமிசம், மைதிலி. இப்ப பத்தொம்பது. போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சுத்தான் பாக்கறேன்."

"அந்தப் பத்தொம்பது நிமிசத்துல நான் எங்க இருந்தேனுங்க?"

"எங்க இருந்தன்னா? பக்கத்துலதான் இருந்த."

மைதிலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, அவன் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு உற்சாகமாகத் தொடர்ந்தான். "இது வெறும் வைத்தியம்னு நெனச்சுக்காத. வெளிநாட்டுல நல்லா இருக்கறவங்களே வேணும்னு பண்றாங்க. நெட்டுல படிச்சேன். ஆர்கசம் கண்ட்ரோல்னு பேரு. உச்சத்துக்குப் பக்கத்துல போயி, வேணும்னே நின்னு, அந்த நெலையிலயே சித்த நேரம் இருந்து, திரும்பப் போறது. இப்படித் தள்ளித் தள்ளிப் போட்டா கடைசில வாரது ரொம்பப் பெருசா இருக்குமாம்."

"பக்கத்துல போயி நிக்கறது."

"ஆமா."

"போறது, நிக்கறது, போறது, நிக்கறது."

"அதேதான்."

"பதினோரு வருசமா நான் அதைத்தானுங்க பண்ணிட்டு இருக்கேன். கடைசில வாரது மட்டும் வாரதே இல்ல."

கதிர்வேலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு தடவை கூடவா?" என்றான்.

"ரெண்டு தடவை. ரெண்டும் நீங்க சத்தீஸ்கர்ல இருந்தப்ப."

அவன் விருட்டென்று எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "யாரு?"

"யாருமில்லீங்க!" மைதிலி கத்தினாள். "நானேதான்! யாருன்னு கேக்கத் தெரியுது. பதினோரு வருசத்துல எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியுதா?"

பக்கத்து வீட்டு வசந்தாமணி காம்பவுண்டுக்கு அந்தப்பக்கமிருந்து, "ஏனுங்க மைதிலி, என்ன சத்தம்?" என்றாள். "நாற்காலிங்க்கா, விழுந்துருச்சு" என்று பதில் சொல்லிவிட்டு மைதிலி வேலைக்குக் கிளம்பினாள்.

மூன்று நாள் இருவரும் யுவஸ்ரீ மூலமாகப் பேசிக்கொண்டார்கள். நான்காம் நாள் காலையில் அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "சேலம் போலாமா?" என்றான். அவள் லேபுக்குப் போன் பண்ணி லீவு சொன்னாள்.

டாக்டர் ஹபீபுக்கு ஐம்பது வயது இருக்கும். மைதிலியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வாங்கம்மா. மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். நாலாவது தடவைதான் உங்களைப் பாக்க முடியுது. இங்க வர்ற பத்துப் பேர்ல ஒன்பது பேர் இப்படித்தான். பயிற்சியே ரெண்டு பேருக்கும்தான், ஒருத்தரா வந்து ஒருத்தராவே பண்ணிட்டு, பலன் இல்லைங்கறாங்க."

"எனக்குப் பலன் இருக்குதுங்க டாக்டர்" என்றான் கதிர்வேல். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. நாங்க பண்றது அந்த ஆர்கசம் கண்ட்ரோல்தானுங்களே? இவ இல்லேங்கறா."

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். "ஒருத்தர் தன்னோட உச்சத்தைத் தானே தள்ளிப் போட்டுக்கலாம். இல்லைன்னா, எப்போங்கறதைத் துணையோட கையில ஒப்படைக்கலாம். வேணும்னு தாமதிக்கலாம், அன்னைக்கு வேண்டாம்னுகூட விட்டுடலாம். எதுவா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், ரெண்டு பேரும் சம்மதிச்சிருக்கணும், யாராவது போதும்னா அந்த நிமிஷமே விட்டுடணும். அதுக்குத்தான் நீங்க சொல்ற பேரு. ஒருத்தர்கிட்ட சொல்லாம, பாதியில விட்டுட்டு மோட்டார் போடப் போறதுக்கு அந்தப் பேரு இல்ல."

"அதுக்கு என்னங்க பேரு?" மைதிலி கேட்டாள்.

"அதுக்கு யாரும் பேரு வைக்கலம்மா. ரொம்பச் சாதாரணமா நடக்கறதனால வைக்கணும்னு தோணல போல."

மைதிலிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிர்வேலிடம், "ஸ்டாப்வாட்சைத் தூக்கிப் போடுங்க. எப்ப நிறுத்தறது, எப்பப் போறதுன்னு இனிமே அவங்க சொல்லட்டும்" என்றார்.

சொல்வது எளிதாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மூச்சுக்கு மூச்சு, "நிறுத்தட்டுமா? இப்ப நிறுத்தட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் கேட்பது போல இருந்தது அவளுக்கு. "பேசாம இருங்க" என்றாள். பேசாமல் இருந்தான். அசையாமலும் இருந்தான். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். உண்மையில் நன்றாகத்தான் போனது, அதனால்தான் அவ்வளவு மோசம். எதை எங்கே எப்படி என்று அவள் வாய் திறந்து சொன்னாள். முதல் வார்த்தைக்குத்தான் கூச்சமாக இருந்தது, நாலாவது வார்த்தைக்கு இல்லை. பதினோரு வருடத்தில் அவன் இருக்கும்போது வந்தே இராத இடத்துக்கு அவள் வந்துகொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "நிறுத்தாதீங்க" என்றாள்.

அவன் நிறுத்தினான்.

முழுதாகக் கையை எடுத்து, மூச்சைப் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி காத்திருந்தான்.

"ஏங்க!"

"நீதானே நிறுத்துன்ன?"

"நிறுத்தாதீங்கன்னேன்! தாதீங்க! தாதீங்க!" என்று தலையணையால் அடித்தாள். "ஒரு வார்த்தையை முழுசாக் கேக்க மாட்டீங்களா?"

"வார்த்தை மொதல்ல நிறுத்துன்னுதானே வருது? நான் என்ன பண்ணட்டும்? கண்ட்ரோலா இருக்கணும்னு டக்குன்னு நின்னுட்டேன்."

அவளுக்கு நிஜமாகவே அழ வேண்டும் போல இருந்தது. இத்தனைக்கும் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. உட்கார்ந்து யோசித்து வேறு வார்த்தை வைத்தார்கள். நிற்க வேண்டுமானால் 'இரு'. போக வேண்டுமானால் வெறும் 'ம்'. ரிக்கில் இஞ்சின் சத்தத்தில் குரலே கேட்காது, கை ஜாடைதான் என்று சொல்லி அவன் கை ஜாடையும் காட்டினான். அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மைதிலி இரண்டு தடவை 'இரு' என்றாள். இரண்டு தடவையும் அவன் இருந்தான், விலகிப் போகாமல், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நிற்பதில் இப்படி ஒரு சுகம் இருக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை. நிற்கச் சொன்னது தான்தான், போகச் சொல்லப்போவதும் தான்தான் என்று தெரிந்தபோது, நிற்பது வேறு மாதிரி இருந்தது. அப்படி அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கதிர்வேலின் கட்டுப்பாடுதான் போய்விட்டது. பத்தொன்பது நிமிடம் வரை வந்தவனுக்கு மறுபடியும் நாலே நிமிடத்தில் முடிந்துபோனது.

"போச்சு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "அத்தனையும் வீணாப் போச்சு. மன்னிச்சிரு, மைதிலி."

"உங்களுதுதானே போச்சு? என்னுது எங்க போச்சு?" என்றாள் அவள் பொறுமையிழந்து. "கை இருக்குதில்ல? ம்."

ஒரு கணம் விழித்துவிட்டுப் புரிந்துகொண்டான்.

அவள் 'ம்' என்றாள், இன்னொரு முறை 'ம்' என்றாள், அதற்கப்புறம் அவளுக்கு வார்த்தை எதுவும் இல்லை. அவன் கையைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடம்பு உலுக்கி அடங்கியபோது கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. கதிர்வேல் பயந்துவிட்டான்.

"வலிச்சுதா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு அழுவற?"

"கொஞ்ச நேரம் கேள்வி கேக்காம படுங்களேன்."

படுத்தான். வெளியே வசந்தாமணியின் வீட்டு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மைதிலி அவன் தோளில் தலை வைத்து, இதற்கு ஏன் இத்தனை வருடம், ஒரு டாக்டர், ஒரு தாள், அதைக் கிழித்த ஒரு கோடு என்று நினைத்தாள். கோபம் முழுதாகப் போயிருந்தது என்று சொல்ல முடியாது.

அப்போது அவன் போன் அடித்தது. ரிக் மேனேஜர். அங்கே மழை விட்டுவிட்டது, புதன்கிழமை வண்டி கிளம்புகிறது என்று அவர் சொல்வது மைதிலிக்கும் கேட்டது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கதிர்வேல் எழுந்து உட்கார்ந்தான்.

"புதனா? முடியாதுங்க. பத்து நாள் தள்ளி ரயில்ல வந்து சேந்துக்கறேனுங்க. ஊட்டுல உடம்பு சரியில்லீங்க. ஆமாங்க, மைதிலிக்குத்தான். ரொம்ப முடியலீங்க. நானே பக்கத்துல இருந்து பாத்தாத்தான்."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏனுங்க, பதினோரு வருசத்துல இன்னைக்குத்தான் எனக்கு உடம்பு நல்லா இருக்குது" என்றாள் மைதிலி. "இன்னைக்குப் பாத்து என்னைய நோயாளி ஆக்கிட்டீங்களே."