ஒருத்தர் விடாமல்

காலைச் சங்கு ஊதியதும் நிரந்தர ஊழியர்கள் வலது பக்க வாசலில் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். ஃப்ளோரா இடது பக்க ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றாள். வெல்டர்கள், பெயின்டர்கள், தலையில் துணி கட்டிய துப்புரவுப் பெண்கள். அவர்களுக்கு நடுவே சுடிதாரும் கைப்பையுமாக அவள் ஒருத்திதான். காண்ட்ராக்ட் ஆட்கள் தினமும் புதிதாகப் பாஸ் வாங்க வேண்டும். செல்போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"எந்தக் காண்ட்ராக்டு?" காவலாளி நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"கம்ப்யூட்டர். என் பேரு ஃப்ளோரா."

அவர் பாஸில் 'கம்ப்யூட்டர் - 1' என்று எழுதிக் கொடுத்தார். அவளுக்கு முன்னால் போனது 'பெயின்டிங் - 6'.

ராயபுரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்வந்த காலத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. வங்கிகளுக்குப் புரோகிராம் எழுதும் நிறுவனத்தில் இருபது வருஷத்துக்குப் பக்கமாக வேலை. அவள் எழுதிய மொழி இனி தேவையில்லை என்று ஒரு மத்தியானம் அழைத்துச் சொன்னார்கள். அடுத்த ஒரு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்து புதிதாகப் படித்தாள். இயந்திரங்களில் பொருத்திய கருவிகள் அனுப்புகிற எண்களைப் பார்த்து, பழுது வருவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்லும் புரோகிராம்களை எழுதக் கற்றுக்கொண்டாள். நாற்பத்தைந்து வயதில் நிரந்தர வேலை கொடுக்க ஆளில்லை. ஓர் ஏஜென்சி மூலமாக மணலியில் உள்ள இந்த உரத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தாள்.

அலுவலகத்தில் இடமில்லை என்று, ஆலையின் கடைசியில், அமோனியா டேங்க்குகளுக்கும் பின்னால், ஒரு பழைய கன்டெய்னரைக் கேபினாக்கிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு திரைகள், இரைச்சல் போடும் ஏசி, ஓர் இன்டர்காம். அந்த இன்டர்காம் ஒலித்து அவள் கேட்டதில்லை.

கேபினைத் துடைக்க வருகிற செங்கொடி மட்டும்தான் அவளோடு பேசுவாள்.

"இன்னாக்கா, இன்னிக்கும் தனியாத்தான் துன்னுவியா? மரத்தாண்ட வா. எல்லாரும் அங்கதான் குந்திகினு கீறோம்."

"நான் வந்தா பேச்ச நிறுத்திட்டு எழுந்து நிக்கிறாங்க, செங்கொடி."

"ஒன்ன ஆபீஸுன்னு நெனச்சிகினு கீதுங்க."

"ஆபீஸ்ல இருக்கிறவங்க என்ன உங்க ஆளுன்னு நெனச்சிகினு இருக்காங்க."

செங்கொடி துடைப்பத்தில் சாய்ந்து சிரித்தாள். ஃப்ளோராவும் சிரித்தாள். செங்கொடி வாளியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஏசியின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அவள் கணவன் லூயிஸ் சரக்குக் கப்பலில் இருந்தான். மகள் சாண்ட்ரா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். கப்பல் கரைக்குப் பக்கத்தில் வரும்போது லூயிஸ் கூப்பிடுவான். "புது வேலை எப்டி கீது?" என்பான். "நல்லாத்தான் போவுது" என்பாள். சில நாட்கள், மாலையில் பஸ் கண்டக்டரிடம் "ராயபுரம்" என்று சொல்லும்போதுதான் தன் தொண்டை எவ்வளவு கட்டிப்போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், திரையில் ஒரு கோடு சிவப்பானது. டேங்க்கிலிருந்து பம்ப்புக்குப் போகும் குழாயின் அழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. தன் புரோகிராமில்தான் ஏதோ தப்பு என்று முதலில் நினைத்தாள். கருவிகள் அனுப்பிய எண்களை அப்படியே திறந்து பார்த்தாள். தப்பில்லை. எழுந்து நின்றுகொண்டே இன்டர்காமை எடுத்தாள்.

"கன்ட்ரோல் ரூம், பொன்ராஜ்."

"சார், நான் ஃப்ளோரா பேசுறேன்."

"எந்த ஃப்ளோரா?"

"கம்ப்யூட்டர் காண்ட்ராக்ட். பின்னாடி கேபின்லேர்ந்து. டேங்க் லைன்ல பிரஷர் எறங்குது சார். எங்கயோ அமோனியா கசியுது."

"எங்க போர்டுல ஒண்ணும் காட்டலியே மேடம்."

"எல்லை தாண்டினாத்தான் அது காட்டும். இது அதுக்கு முன்னாடியே சொல்லும். அதுக்குத்தான சார் என்ன வெச்சிருக்கீங்க?"

மறுமுனையில் யாரோ யாரிடமோ ஏதோ கேட்டார்கள். பொன்ராஜின் குரல் திரும்பி வந்தபோது மாறியிருந்தது. "மேடம், லைன்லயே இருங்க. வால்வ மூட ஆரம்பிக்கிறோம். ஒவ்வொண்ணா மூட மூட அழுத்தம் எவ்ளோ காட்டுதுன்னு சொல்லிகிட்டே இருங்க. எங்கயும் போயிடாதீங்க."

அவள் வாசித்தாள். "ம்... சொல்லுங்க" என்றான் பொன்ராஜ். அடுத்ததை வாசித்தாள். "இப்ப?" என்றான். அவள் சொல்வதற்காக அங்கே ஓர் அறையே காத்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணையும் தெளிவாக, நிறுத்திச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இல்லாத ஒரு தெம்பு உடம்பில் ஏறியிருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம், வெச்சிராதீங்க."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதற்குள்ளிருந்து சைரன் கேட்டது; கேபின் பக்கம் சைரன் வைத்திருக்கவில்லை. நாற்காலிகள் இழுபட்டன. "எல்லாரும் மெயின் கேட்டுக்குப் போங்க!" என்று யாரோ கத்தினார்கள். காலடிச் சத்தங்கள், கதவு ஒன்று அடித்துக்கொண்ட சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

ஃப்ளோரா தொடர்ந்து வாசித்தாள். "கொஞ்சம் நின்னுருக்கு சார். இப்ப மறுபடி எறங்குது. சார்? கேக்குதா சார்?"

காலி அறையின் மின்விசிறி எங்கோ சுற்றுவது ரிசீவரில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏசி வழியாக வாடை உள்ளே வந்தபோதுதான் ரிசீவரைக் கீழே வைத்தாள். கண் எரிந்தது. துப்பட்டாவில் குடிக்கிற தண்ணீரைக் கொட்டி முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். டேங்க் பக்கம் மூட்டமாக ஏதோ தரையோடு தவழ்ந்தது. மதில் சுவரை ஒட்டி, காற்றுக்கு எதிராக நடந்தாள்; இருமல் விட்ட இடத்தில் ஓடினாள். வெல்டிங் கம்பிகள் போட்டது போட்டபடி கிடந்தன. மரத்தடியில் ஒரு டிபன் பாக்ஸ் பாதிச் சோற்றோடு திறந்திருந்தது. வழியில் எதிர்ப்பட ஓர் ஆள்கூட இல்லை.

மெயின் கேட் சாத்திப் பூட்டியிருந்தது.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம், சாலையைத் தாண்டி எல்லோரும் நின்றிருந்தார்கள். நிரந்தர ஊழியர்கள் வரிசையாக, காண்ட்ராக்ட் ஆட்கள் கூட்டமாக. பாதுகாப்பு அதிகாரி தவசிமுத்து கை மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "கணக்குப் பாத்தாச்சு. ஒருத்தர் விடாம வெளிய வந்தாச்சு. வால்வையும் நேரத்துல மூடியாச்சு. பொன்ராஜ் முன்னாடியே கண்டுபிடிச்சு நடவடிக்கை எடுத்ததாலதான்..."

கைதட்டினார்கள். ஃப்ளோரா கூப்பிட்டாள். இருமல்தான் வந்தது. கம்பியை உலுக்கினாள்.

"அய்யய்யோ, உள்ள அக்கா கீது!" செங்கொடி சாலையின் குறுக்கே ஓடி வந்தாள். அவள் பின்னால் காவலாளி வந்தார்.

"யாரும்மா நீ?"

"கம்ப்யூட்டர்" என்றாள் ஃப்ளோரா.

"கேட்டத் தொறய்யா! மூஞ்சப் பாரு, எப்டி செவந்து கீது!"

"சாவி சார்கிட்டல்ல கீது." காவலாளி திரும்பி ஓடினார்.

செங்கொடி தண்ணீர் பாட்டிலைக் கம்பிக்குள் நுழைத்தாள். ஃப்ளோரா அதைக் கண்ணில் ஊற்றிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பார்த்தாள். காவலாளி தவசிமுத்துவின் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். தவசிமுத்து இப்போது நிர்வாகத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. அவர் பேசி முடிக்கட்டும் என்று, காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.