கொடுக்கலாகாது

1

இக்கதை ஒரு சொல்லின்மீது எனக்கு ஏற்பட்ட கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அச்சொல் 'விருந்தோம்பி'. ஆட்டின் வயிற்றில் தங்கி அதன் இரத்தத்தை உறிஞ்சும் புழுவுக்கு ஒட்டுண்ணி என்று பெயர், மிகச் சரி. ஆனால் உறிஞ்சப்படும் ஆட்டுக்குப் பாடநூல்கள் சூட்டியிருக்கும் பெயர் விருந்தோம்பி! முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் கேட்கிறேன்: அந்த ஆடு புழுவை வாசலில் நின்று வரவேற்றதா? இலை போட்டதா?

இந்தக் கேள்வியோடு ஆறு பக்கங்கள் எழுதினேன். வேறொரு சொல்லைப் பற்றிப் பேசாதிருப்பதற்காகவே இச்சொல்லைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்பது ஆறாம் பக்கத்தில்தான் தெரிந்தது. பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

2

வேறு தொடக்கம்:

"சமயபுரத்திற்கு அப்பால், நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் மண்பாதையில், பொன்னுத்தாய் என்றொரு பெண்மணி—"

(கைவிடப்பட்டது. 'என்றொரு' என்று எழுதியவுடன் அவர் கதைமாந்தர் ஆகிவிடுகிறார், நான் தப்பித்துவிடுகிறேன்.)

ஆகவே நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியில் குடியிருப்பவர் அறிவுமதி, கால்நடை மருத்துவர். சென்ற ஆடி மாதம், ஆடு வளர்ப்போருக்காக ஒரு துண்டறிக்கை எழுதி என்னிடம் கொண்டுவந்தார்.

"தமிழய்யா, ஒற்றுப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க. மத்ததுல கை வச்சிராதீங்க. அப்புறம் அதை ஆடுதான் மேயணும்."

சிரித்தேன். பிறகு சிவப்பு மையை எடுத்தேன்.*

(*'சிகப்பு' அன்று. இதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும்.)

விருந்தோம்பியை அடித்து 'ஓம்புயிர்' என்று எழுதினேன். வாய்க்காலோரத்து நத்தையைப் பற்றிய பகுதி எனக்குப் பிடித்திருந்தது. கல்லீரல் தட்டைப்புழு நேராக ஆட்டுக்குள் போவதில்லையாம். முட்டை பொரித்ததும் முதலில் நத்தைக்குள் புகுமாம்.

"உள்ள போறப்ப ஒரு உருவம், வெளிய வர்றப்ப வேற உருவம் ஐயா. நத்தைக்கு ஒண்ணும் தெரியாது. அது பாட்டுக்கு ஊர்ந்துக்கிட்டு இருக்கும்" என்றார் அறிவுமதி.

அந்த நத்தைக்கு 'இடைநிலை ஓம்புயிர்' என்று பெயர் சூட்டி மகிழ்ந்தேன்.

3

குடற்புழு மருந்தைப் பற்றி அவர் எழுதியிருந்த வாக்கியம்: "முதல் மாசச் சினையில இந்த மருந்து குடுக்கக் கூடாது."

நான் திருத்திய வாக்கியம்: "சினையுற்ற முதல் மாதத்தில் இம்மருந்தைக் கொடுக்கலாகாது."

"அவங்களுக்குப் புரியுமாய்யா?" என்று கேட்டார்.

"புரியாத தமிழ் என்று ஒன்றில்லை அம்மா. பழகாத காதுகள்தாம் உண்டு" என்றேன்.

காந்தி மார்க்கெட் அருகே ஓர் அச்சகத்தில், மூன்றாக மடிக்கும் தாளில் அச்சாயிற்று. பத்தி மிகக் குறுகலானது. அச்சில் வந்தபடியே தருகிறேன்:

சினையுற்ற முதல் மாதத்தில்
இம்மருந்தைக் கொடுக்கலா
காது. வால், மடி, தொடையிடுக்கு
ஆகிய இடங்களில் உண்ணி
உள்ளதா எனப் பார்க்கவும்.

4

அந்தத் துண்டறிக்கையை வாங்கியவர்களில் ஒருவர் பொன்னுத்தாய். அவருடைய சினையாடுகள் இரண்டும் மார்கழியில் ஈன்றன. நான்கு குட்டிகள். நான்கிற்கும் முன்னங்கால்கள் முறுக்கியிருந்தன; பால் குடிக்க எழ முடியவில்லை. மூன்றாம் நாள் ஒன்றுகூட எஞ்சவில்லை.

டாக்டரம்மாவின் மருந்து குட்டிகளைக் கொன்றுவிட்டது என்று ஊர் பேசியது. தை பிறந்ததும் அறிவுமதி நடத்திய புழு நீக்க முகாமுக்கு ஒருவரும் ஓர் ஆட்டையும் ஓட்டிவரவில்லை. மழை ஓய்ந்து புழு பெருகியிருக்கும் பருவம். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள்போல இருக்கிறது. தாடையின்கீழ் நீர் கோத்துப் பைபோலத் தொங்குகிறது. பொன்னுத்தாயின் தெருவில் மட்டும் பதினோர் ஆடுகள் செத்துவிட்டன. வரும் புதன்கிழமை மீண்டும் முகாம். பொன்னுத்தாய் வந்தால் தெரு முழுவதும் வரும். அவர் வராவிட்டால் எவரும் வரமாட்டார்.

5

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, அறிவுமதி என்னையும் அழைத்துக்கொண்டு பொன்னுத்தாயின் வீட்டுக்குப் போனார்.

"வாங்க" என்றார் பொன்னுத்தாய், முகம் கொடுக்காமல். "இவரு யாரு?"

"எங்க வீட்டுக்காரர்க்கா."

பொன்னுத்தாய் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்தார். அறிவுமதியை ஒருமுறை பார்த்தார்.

"ஐயய்யோ, ஹவுஸ் ஓனர்க்கா! ரிட்டயர்டு தமிழ் வாத்தியார்."

"அதான பாத்தேன்" என்றார். அந்த ஒரு கணம் மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உள்ளே போய், ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த துண்டறிக்கையை எடுத்துவந்தார்.

"நீங்க குடுத்த நோட்டீசப் பாத்துத்தான் ஊத்துனேன் டாக்டரம்மா. நானா ஒண்ணும் செய்யல." விரலை வரிமீது வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். "'இம்மருந்தைக் கொடுக்கலா'... இங்க 'ம்'மு விட்டுப் போயிருக்கு. அச்சுல விடுறதுதான, எம் மவகூட நோட்டுல விட்டுருவா. 'காது, வால், மடி, தொடையிடுக்கு'... எல்லா எடமும் பாத்தேங்க. ஒரு உண்ணி இல்ல. ரெண்டையும் அவ்ளோ சுத்தமா வச்சிருந்தேன்."

விடுபட்ட எழுத்தைக் கண்டுபிடித்து நிரப்புக என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் வினாத்தாள் எடுத்தவன் நான். அவர் நிரப்பியிருந்தார். 'காது' என்பதன் பின்னுள்ள முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாகக் கொண்டால், அந்த வரிகள் அவர் படித்தபடியே முழுப்பொருள் தருகின்றன.

அறிவுமதி என்னைப் பார்த்தார்.

அப்போது நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்: "அது 'கொடுக்கலாம்' அன்று அம்மா, 'கொடுக்கலாகாது'. இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்."

பிழையே இல்லாத வாக்கியம்.

பொன்னுத்தாய் தாளை மறுபடியும் படித்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. விரல் 'கா'வின்மீது நின்றது.

"அப்ப நாந்தான் கொன்னுட்டேனா?"

தாளை மடித்தார். "அஞ்சாவதோட நிறுத்திட்டாங்கய்யா என்னைய" என்று, என்னிடம் மன்னிப்புக் கேட்பவரைப்போலச் சொன்னார்.

கொள்ளிடம் பாலத்தின்மீது வரும்போது அறிவுமதி ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தார். "நானே சொல்லியிருப்பேன் ஐயா. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"முதியவர் எழுந்து உண்மையைக் கூறினார், அப்பெண்மணி கண்ணீர் மல்க அவரை மன்னி—" (கைவிடப்பட்டது. அவருடைய மன்னிப்பை எழுத எனக்கு உரிமையில்லை.)

"சொல்லை நடுவே முறித்த அச்சகத்தாரின் கவனக்குறைவே—" (கைவிடப்பட்டது. முறியக்கூடிய சொல்லைக் கொடுத்தவன் யார்?)

மூன்றாவதைக் கட்டுரைபோல முடித்தேன். மருத்துவரின் வாக்கியம் ஓர் உருவில் எனக்குள் புகுந்து வேறோர் உருவில் வெளிவந்தது. ஆகவே நானும் ஓர் இடைநிலை ஓம்புயிர். நத்தையின்மீது குற்றம் சுமத்துவார் உண்டோ? இதை எழுதியபோது மிகவும் நிறைவாக இருந்தது. அடித்துவிட்டேன். நத்தையிடம் சிவப்பு மை இல்லை.

7

இன்று திங்கட்கிழமை. புதிய துண்டறிக்கை அச்சகத்துக்குப் போயிருக்கிறது. "முதல் மாசச் சினையில இந்த மருந்து குடுக்கக் கூடாது" என்பது தடித்த எழுத்தில், ஒரே வரியில். அச்சகத்தார் தொலைபேசியில் அழைத்தார்: "சார், 'குடுக்க'ன்னு இருக்கே, திருத்திரவா?" வேண்டாம் என்றேன். அச்சொல்லைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

எஞ்சியிருப்பது ஒரு வாக்கியம். அது நேரில் சொல்லப்பட வேண்டியது. இக்கதை வெளிவரும் பத்திரிகை பொன்னுத்தாயின் கைக்குப் போகாது. தாமே குட்டிகளைக் கொன்றதாக நேற்றிலிருந்து அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அறிவுமதி ஸ்கூட்டரை எடுப்பார். பின்னிருக்கையில் இடம் உண்டு. வருகிறீர்களா என்று இம்முறை அவர் கேட்கவில்லை.

ஆதலால் கடைசி வாக்கியத்தை முறித்தே வைக்கிறேன். அடுத்த வரியை இருவகையாக முடிக்கலாம். இரண்டும் இலக்கணப் பிழையற்றவை. பொன்னுத்தாய் அச்சை நம்பி ஓர் எழுத்தைத் தாமே சேர்த்துப் படித்தார். நீங்கள் எதைச் சேர்ப்பீர்கள் என்று அறியேன்:

புதன்கிழமை காலை பொன்னுத்தாயின் வாசலில் நின்று,
தவறு என்னுடையது என்று சொல்லலா