ரெண்டு நூல்

மர ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கார்பன் ஃபைபருக்கு மாறியதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பேய் பிசாசில் நம்பிக்கையும் இல்லை. இருபது வருடமாகக் கணக்கு வாத்தியார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தச்சநல்லூரில் ஒரு துணிக்கடை மாடியில், மேஜையில் ஸ்டிக்கால் பந்தடிக்கும் ஜெய்சனின் பூல் கிளப். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் என் சிநேகிதர் ஞானையாவும் அங்கேதான் கிடப்போம். அவர் கதவு ஜன்னல் வேலை எடுத்துச் செய்கிறவர். அளவெல்லாம் அவருக்கு நூல் கணக்குதான், அங்குலத்தில் எட்டில் ஒன்று. என் ஸ்டிக்கின் முன்பாதி மரத்தில் லேசான வளைவு உண்டு, பந்து விலகிப் போகும். ஞானையா என் இடது தோளுக்குப் பின்னால் நின்று, "ரெண்டு நூல் விட்டு அடியும் வே" என்பார். விட்டு அடிப்பேன். பந்து குழியில் விழும். பதினோரு வருடம் இப்படியே போனது.

ஆனி மாதம் ஒரு நாள், தோற்கிற கடுப்பில் இருந்தேன். அவர் வாயெடுத்ததும், "வாய மூடும் வே! எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். மூடிக்கொண்டார். மறுநாள் காலை டீக்கடை வாசலில் மாரடைப்பு. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அதன்பிறகு அந்த மரத்தால் ஒரு பந்தும் விழவில்லை. கார்பன் வாங்கினேன். "மழைக்கும் வெயிலுக்கும் வளையாது சார், பார்த்த இடத்துக்குப் பந்து போகும்" என்றான் விற்றவன். பக்கத்தில் யாரும் நின்று சொல்ல வேண்டாத ஒரு ஸ்டிக். எனக்கு வேண்டியது அதுதான்.

ஆடி அமாவாசைக்கு, அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பாபநாசம் போனபோது பழைய மரத்தையும் எடுத்துப் போனேன். உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்களே, அதுபோல அதையும் விட்டேன். அங்கேதான் வாய் தவறியது. வெறுமனே "போ" என்று சொல்ல நமக்கு வராது. சாவு விழுந்த துட்டி வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். அந்த நினைப்பே இல்லாமல், "போயிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டேன். ஒரு கட்டைக்கு யாராவது இவ்வளவு மரியாதை கொடுப்பார்களா?

கார்பன் ஒரு வாரம் சொன்னபடி கேட்டது. பிறகு பந்து விலகத் தொடங்கியது, சரியாக ரெண்டு நூல். ஸ்டிக்கை மேஜையில் உருட்டிப் பார்த்தேன். துளி வளைவில்லை. ஜெய்சன் அடித்தால் நேராகப் போனது. "உங்க கையிலதான் கோளாறு அண்ணாச்சி" என்று சிரித்தான். துடைத்த துணியில் ஈரம் இருந்தது, ஆற்றுப் பாசி வாடை அடித்தது. கார்பன் தண்ணீர் குடிக்காது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

அன்றிலிருந்து குனியும்போதெல்லாம் இடது தோளுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. பிடரியில் மூச்சுப் பட்டது. ஆனால் ஒரு சொல் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கிளப்பின் இறுதி ஆட்டம். கறுப்புப் பந்து ஒன்றுதான் பாக்கி. குனிந்தேன். பிடரியில் அதே மூச்சு. அப்போதுதான் உறைத்தது. வாயை மூடச் சொன்னவன் நான்தானே. சொன்னபடி மூடிக்கொண்டு நிற்கிறார்.

கண் கலங்கி மேஜையே தெரியவில்லை. "தப்புதான் வே. சொல்லும்" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. ஆட்டம் பார்க்க வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"மூணு நூல்" என்றது தோளுக்குப் பின்னால் ஞானையாவின் குரல். நான் நினைத்து வைத்திருந்தது ரெண்டு.

விட்டு அடித்தேன். கறுப்பு விழுந்தது. கார்பனுக்கு 'டிக்' என்றுதான் சத்தம் வரும். அன்று கேட்டது மரத்தின் 'தொக்'.

ஸ்டிக்கைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். முன்பாதி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துட்டி வீட்டு முறைப்படி ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிவிட்டால் எல்லாம் இத்தோடு முடிந்துவிடும். அது எனக்குத் தெரியும். வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

பிறகு திரும்பி, யாரும் இல்லாத அந்த மேஜையைப் பார்த்து, "போயிட்டு வாரேன் வே" என்றேன். இந்தத் தடவை வாய் தவறவில்லை.